குக்கரையும் கொடுத்துவிட்ட கொசு அம்மாவுக்கு

அன்பின் உருவே! அயராத உழைப்பே! ஆறுதலின் மறுபெயரே! சாவின் வாசலில் நின்று சளைக்காமல் மல்லுக்கட்டிய தற்கொலைத் தடுப்புப் பிரிவின் தலைமகளே! எங்கள் பொறுப்பாளர் அம்மையாரே! வணக்கம்.

பணி ஓய்வு வாழ்த்து மடல் என்றால் மலையென்றும் மாரியென்றும் கடலென்றும் கதிரென்றும் மூச்சுவிடாமல் அடுக்கவேண்டும் என்பது மரபு. அடுக்கத்தான் உட்கார்ந்தோம், நாலு வரிக்கு மேல் கை ஓடவில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இன்று மாலை தாங்கள் தனியாகத் திரும்பப்போகும் அந்த வீட்டை நினைத்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் சிறப்பு விருந்தினர் எவரையும் அழைக்கவில்லை, இதைக் கண்ணாடிச் சட்டத்தில் இடவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நாங்கள் மட்டும் கூடி வாசிக்கிறோம்.

முப்பத்தோர் ஆண்டுப் பணி! செவிலியராய்ச் சேர்ந்து நோயை விரட்டிய கைகள், நடுவயதில் சாவை விரட்டப் புறப்பட்டன. 'அது அவங்க குடும்ப விஷயம்' என்றும் 'தலையெழுத்து' என்றும் ஊர் ஒதுக்கிவைத்த ஒன்றை, குடிநீரைப் போல, தடுப்பூசியைப் போல, ஊரே கூடிக் கவனிக்கவேண்டிய காரியம் என்று வாதாடினீர்கள். பூச்சிமருந்துக் கடைக்காரர்களைக் கெஞ்சியும் மிஞ்சியும் அலமாரிக்குப் பூட்டுப் போடவைத்தீர்கள். பாலத்துக்கு உயரமான தடுப்பு கேட்டு அலுவலகம் அலுவலகமாகச் செருப்புத் தேய நடந்தீர்கள். இறந்தவரின் படத்தையும் இறந்த விதத்தையும் சரக்காக்கி விற்ற நிருபர்களிடம் சண்டைக்கே போனீர்கள். "சாகறவன் எப்படியும் சாவான், விடுங்கம்மா" என்று பெரிய நாற்காலிக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டபோது, "அந்த ஒரு நேரத்தத் தாண்ட விடுங்க சார், அப்புறம் அவனே வாழ்ந்துக்குவான்" என்று மேசையைத் தட்டினீர்கள். பாலத்துக்குத் தடுப்பு வந்தது. தங்களுக்கு விளக்கம் கேட்டு ஓலையும் வந்தது.

தங்கள் தலையில் உதித்த அந்தக் கொசு வேலை எந்தப் பாடநூலிலும் கிடையாது! உயிர் பிழைத்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் பிரிவின் வண்டியில் போனால், அடுத்த நிமிடமே தெருவெல்லாம் கண் முளைக்கும். ஆகவே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கொசுப்புழு பார்க்க வந்ததாகச் சொல்லி, தெருவிலுள்ள அத்தனை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் எட்டிப் பார்த்தீர்கள். பார்க்கவேண்டிய வீட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் புழு தேடினீர்கள்! "கொசு அம்மா வந்துட்டாங்க, டிரம்ம மூடுடி" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். எந்த வீட்டுக்காக வந்தீர்கள் என்று ஒரு தெருவுக்கும் தெரியாது. மற்றது குறைந்ததோ இல்லையோ ஊரில் கொசு குறைந்துவிட்டது என்று சுகாதார அதிகாரி கேலி செய்ததற்கு, தாங்களும் எங்களோடு சேர்ந்து சிரித்தீர்கள்.

ஆனாலும், அப்படித் தாங்கள் பார்த்துவந்தவர்களில் ஒருவரான தையற்காரர் போய்விட்டார். வாரம் தவறாமல் தாங்கள் போய்வந்த வீடு அது. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் தாங்கள் படுத்துக் கிடந்த வாரம் பார்த்து உயிரை மாய்த்துக்கொண்டார். துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி, "ஏம்மா இந்த வாரம் வரல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத் தாங்கள் விழுங்கிவிட்டீர்கள்; அன்று முதல் அது தங்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பட்ட காலிலே படும் என்பது போல, பிரிவை மூடும் ஆணையும் வந்து சேர்ந்தது. தங்கள் இடத்துக்கு ஆள் இல்லை. இந்த அறை உடைந்த நாற்காலி அடுக்கும் கிடங்காகப் போகிறது. இறந்தோர் எண்ணிக்கையோ போன ஆண்டு குறையவே இல்லை. "எல்லாம் விழலுக்கு இறைச்ச தண்ணி" என்றீர்கள்.

அதன்பின் ஒருநாள் தாங்கள் திடீரென்று தெளிந்தீர்கள். முகம் மலர்ந்தது. அள்ளி அள்ளிக் கொடுக்கத் தொடங்கினீர்கள். தட்டச்சருக்குக் குடை, ஓட்டுநருக்கு வானொலி, துப்புரவுப் பணியாளருக்குப் போர்வைகள், ஆலோசகருக்குக் குக்கர். பிரியும் வேளையிலும் இப்படியொரு வள்ளன்மையா என்று வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டோம். 'உள்ளதையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடுபவரைக் கவனியுங்கள்' என்று நாங்களே எழுதி, நாங்களே அச்சடித்து, ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டிய அதே சுவரொட்டிக்கு நேர்கீழே நின்று வாங்கிக்கொண்டோம்! ஊருக்குத்தான் உபதேசம் என்பது எங்களுக்கே பொருந்திப்போயிற்று. நேற்று மதியம் அவரவர் தமக்குக் கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆலோசகர் கையைத் தட்டிலேயே வைத்தபடி, "குக்கர எனக்குக் குடுத்துட்டாங்க. அப்ப அம்மா எதுல சமைப்பாங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று இந்த இடத்தில் முழங்கவேண்டும். வாழ்த்தினால் மட்டும் ஓர் உயிர் நின்றுவிடாது என்பதை இந்த வேலையில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். எனவே தங்களைக் கேளாமலே சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். இன்று தட்டச்சர் தங்களோடு வந்து தங்குவார். நாளைக் காலை ஆலோசகர் தங்களை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவார், நேரம் வாங்கியாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் ஓட்டுநரும் அவர் மனைவியும் வருவார்கள். கோபம் வந்தால் தாராளமாகத் திட்டுங்கள். தங்களிடம் வாங்காத திட்டா?

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது தங்கள் ஏற்புரை. நன்றி எதுவும் சொல்லவேண்டாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று நடுங்கிய ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும், "கேட்டா வராது. கேக்காம விட்டாத்தான் உள்ளயே கெடந்து வேகும்" என்று சொல்லிக்கொடுத்தவர் தாங்கள். எங்களுக்கும் நடுக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எல்லோருமாகச் சேர்ந்து கேட்கிறோம்.

அம்மா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?

இங்ஙனம்,
தாங்கள் பதில் சொல்லும்வரை இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத
பிரிவின் பணியாளர் அனைவரும்