சட்டைப் பையில் இருந்த போன்

"சம்பந்தி வீட்டுக்குப் போனாலும், போனை வாசல்ல வச்சிட்டு வாங்கன்னு சொல்றாங்க தம்பி."

கண்டியிலிருந்து கலஹா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் இப்படிச் சொன்னார். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அதற்குப் பிறகு காதை எடுக்க முடியவில்லை.

"அந்த ஜட்ஜ் லஞ்சம் கேட்டத ஒளிச்சுப் பதிவு பண்ணுனீங்களே, அதுக்கா? நல்ல காரியம்தானே அண்ணே!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிர்றாங்க."

பஸ் பேராதனையில் நின்று கிளம்பியது.

"அன்னைக்கு ஜட்ஜ் வீட்டு உள் அறையில அவரு மக, புருஷன் அடிச்சதச் சொல்லி அம்மாகிட்ட அழுதுச்சு. அதுவும் பதிவாயிருச்சு."

"அத வெட்டிட்டு விசாரணைக்குக் குடுத்திருக்கலாமே?"

"வெட்டுனா, பொய்யாப் பண்ணுனதுன்னு தள்ளிருவாங்க. அதான் முழுசாக் குடுத்தேன். அது எப்படியோ வெளிய போயி, இப்ப ஊரே அந்த அழுகையக் கேக்குது. அந்தப் பிள்ள என்ன தப்பு செஞ்சிச்சு?"

"எங்க வீட்லயும் தங்கச்சி..." என்று தொடங்கிய மற்றவர், பெரியவரின் சட்டைப் பையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பெரியவர் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே வச்சிக்கங்க. தங்கச்சிக்கு என்ன?"

அவர் அதை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணே. நல்லா இருக்கு."

கலஹா வரும்வரை போன் அவர் மடியிலேயே இருந்தது.