கறுப்புத் திரையில் திறந்த மதகு

காபி நன்றாக இருக்கிறது, மேடம். காவல் நிலையத்தில் இப்படி ஒரு காபி கிடைக்கும் என்று நினைக்கவில்லை. எங்கள் அணையில் கொடுப்பது வெறும் கழுநீர்.

மதகைத் திறக்கும் மென்பொருளை எழுதியவன் நான்தான். ஒரே மென்பொருள், இரண்டு வழி. பணியில் இருப்பவருக்குப் படத்திரை. அதைத் திறந்தாலே ஆற்றங்கரைக் கேமராவின் படம் தெரியும். பொத்தானை அழுத்தினால் முதலில் ஆற்றங்கரையில் சங்கு ஊதும். கால் மணி நேரம் கழித்து அந்தப் படத்தைக் காட்டி, "ஆற்றில் யாரும் இல்லையே?" என்று கேட்கும். இல்லை என்று நாம் சொன்னால்தான் மதகு அசையும். இன்னொரு வழி கறுப்புத் திரை. கட்டளையைத் தட்டினால் போதும். சங்கு, படம், கேள்வி ஒன்றும் கிடையாது. பழுதுபார்க்கும் அர்னுல்ஃபோ கேட்டதால் அதைச் சேர்த்தேன்.

"அணை காஞ்சு கெடக்குறப்பக்கூட சங்கு ஊதிப் படம் காட்டி உசிர வாங்குதுடா. கேள்வி கேக்காத மாதிரி ஒண்ணு எழுதிக் குடு மச்சான், புண்ணியமாப் போவும்."

எழுதிக் கொடுத்தேன். இப்போது அவனைத்தான் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் ஏதோ கட்டளையை நிறுத்தாமல் விட்டுப் போனதில் மதகு தானாகத் திறந்துகொண்டது என்கிறீர்கள். அது தவறு, மேடம்.

அன்று ஞாயிறு, பணியில் நான். எங்கள் பக்கம் ஞாயிறு என்றால் சட்டி, கோழி, வாழைக்காய் சகிதம் ஊரே ஆற்றில்தான் கிடக்கும். காலையில் அர்னுல்ஃபோ அணை வாசலில் பைக்கை நிறுத்தினான். பின்னால் அவன் மகள் மரிசெல்.

"டூட்டி முடிஞ்சதும் நேரா வந்துருடா. சாங்கோச்சோ சூப்பு உனக்கும் எடுத்து வைக்கிறேன்."

"மாமா, கோழிக்கால் எனக்குத்தான். நீங்க கேக்கக் கூடாது," என்றாள் அவள்.

மலையில் நல்ல மழை. ஆறு காலியாக இருந்த காலையிலேயே நான் திறந்திருக்க வேண்டும். தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம் ஓடியது, மலையேற்றக் கட்டம். முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது நீர்மட்டம் சிவப்புக் கோட்டைத் தொடப் போனது. தாண்டினால் மெதெயின் நகரத் தலைமை அலுவலகத்தில் மணி அடிக்கும். ஏன் தாமதம் என்பார்கள். ஏற்கனவே ஒருமுறை எச்சரித்திருந்தார்கள். சங்கு ஊதி, ஜனங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கரையேறும்வரை காத்திருக்க நேரமில்லை. தண்ணீர் வருவதைப் பார்த்தால் ஓட மாட்டார்களா என்று நினைத்தேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

அர்னுல்ஃபோ பிழைத்தான். மரிசெல் பிழைக்கவில்லை. அடக்கத்தன்று அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லவேளை, நீ வரலடா மச்சான்," என்றான். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பாவி, மேடம். பெற்ற பிள்ளையைக் கொன்றவன் என்று அவனைச் சொல்லாதீர்கள். வெளியே விட்டுவிடுங்கள்.

கேமராவைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். பார்த்தேன். முதலில் படத்திரையைத்தான் திறந்தேன். அர்னுல்ஃபோ இடுப்பளவு தண்ணீரில் நின்றான். தோளில் மரிசெல். நான் பார்ப்பேன் என்று தெரிந்துதானோ என்னவோ, கேமராவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். படத்தை மூடினேன். கறுப்புத் திரைக்குப் போய்க் கட்டளையைத் தட்டினேன்.

வாக்குமூலத்தில் இதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். நான் மதகைத் திறந்த திரையில் யாருமே இல்லை.