நான்காம் தெரு இருந்த இடம்

எனக்குக் கோடு நேராக வராது. பள்ளிக்கூடத்தில் இந்திய வரைபடம் போடச் சொன்னால் அந்தமானை விட்டுவிட்டு இரண்டு மதிப்பெண் இழப்பவன் நான். அதனால், ஆனைக்காரன் தோட்டத்தின் வரைபடத்தை வரைந்தது நான்தான் என்று சொன்னபோது நீங்கள் நம்பாமல் பார்த்தது புரிகிறது.

மணிமொழி மேடம், அந்தக் குடும்பங்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் என்ற முறையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். மறுகுடியமர்த்தலுக்காக நான் வரைந்து கொடுத்த வரைபடத்தில் நான்காம் தெரு விடுபட்டிருக்கிறது, அந்தத் தெரு உண்மையில் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வருகிற வியாழக்கிழமை அதை நீதிமன்றத்தில் வைத்தால் பதினேழு குடும்பங்களுக்கும் மாற்று வீடு கேட்கலாம். அவர்களுடைய ரேஷன் கார்டில் தெருவின் பெயர் இல்லை. அந்த இடத்தில் ஆறுதான் இருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது, சாட்சியாக என் வரைபடத்தைக் காட்டுகிறது. வரைந்தவனே மறுத்தால்தான் உண்டு. எளிமையாக எழுதுங்கள், பெயரும் எண்ணிக்கையும் பிசகக் கூடாது, பிசகினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றீர்கள்.

எனக்குச் சுருக்கமாக எழுத வராது. முழுவதையும் எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். ஐந்து வருடம் கால் சென்டரில் இரவு வேலை பார்த்தேன். அங்கே என் பெயர் கெவின். எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் அமெரிக்காவில் ஏதாவது ஒரு ஊரைச் சொல்ல வேண்டும். அங்கே மழையா என்பார்கள். காலையிலிருந்து விடவில்லை என்பேன். நான் பார்த்தே இராத அந்த மழையை அவர்கள் நம்புவார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. நாவல் எழுதலாம் என்று தோன்றியது. இல்லாததை நம்பவைப்பது, எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அடையாறு பாலத்தின் மேல் பஸ் நின்றபோது கீழே ஆற்றங்கரையில் ஆனைக்காரன் தோட்டம் தெரிந்தது. இறங்கிப் போனேன். அதன்பின் இரண்டு வருடம் அநேகமாகத் தினமும் போனேன். எல்லாவற்றையும் காலடியால் அளந்தேன். முதல் தெருவில் தண்ணீர்க் குழாய். இரண்டாம் தெருவில் அம்மன் கோயில். மூன்றாம் தெருவில் சங்கத் தலைவர் வடிவேலுவின் வீடு. மூன்றாம் தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவே நான்காம் தெரு. தெரு என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பதினேழு வீடுகள், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். ஆட்டோவுக்கு சீட் தைப்பது, மேற்கூரை தைப்பது தொழில். தெருவின் வாயிலில் ஹபீபுர் ரஹ்மான் வீடு. பசை காய்வதற்காக ரெக்சின் துண்டுகளை வாயிலின் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

இனி நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு வெறும் கெட்ட எண்ணமாகத் தெரியும்.

உண்மையான இடத்தைத் தூக்கி அப்படியே நாவலில் வைக்க முடியாது. அது நகராது, கதை நகர வேண்டும். என் கதையில் ஒரு பெண் குழாயடியில் சண்டை போட்டுவிட்டு ஆற்றை நோக்கி ஓடுகிறாள். மூன்றாம் தெரு முடிந்ததும் ஆறு வந்துவிட வேண்டும். வாசகனுக்கும் அதே மூச்சில் ஆறு தெரிய வேண்டும். நிஜத்தில் அவள் ரெக்சினை விலக்கி, இடது பக்கம் திரும்பி, தையல் மெஷினைச் சுற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போக வேண்டும். யாராவது எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். பதினோரு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஆற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்குக் கோபம் தணிந்துவிட்டது.

நான்காம் தெருவை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் தண்ணீரும் கொஞ்சம் முள்செடியும் வைத்தேன். அத்தியாயம் ஒரே நாளில் முடிந்தது.

பதிப்பாளர் வைதேகிக்கு மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அலுவலகம். கதைக்காக நான் வரைந்து வைத்திருந்த வரைபடத்தையும் கையெழுத்துப் பிரதியோடு கொடுத்திருந்தேன்.

"ரெண்டு நாளா இதையேதான் படிச்சுண்டிருந்தேன். நன்னா வந்திருக்கு," என்றார். "மேப்பையும் முதல் பக்கத்துல போட்டுடலாம். ஒண்ணு கேக்கணும். நெஜப் பேரைப் போட்டிருக்கேளே, எடமும் இப்படியேதான் இருக்கா?"

"ஒரு தெருவை எடுத்துட்டேன்."

"அப்போ பேரை மாத்திடுங்கோ. இல்லேன்னா தெருவைத் திருப்பி வெச்சுடுங்கோ. பேர் நெஜம், எடம் பொய்னா எவனாவது பஸ் பிடிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்து என்கிட்ட சண்டைக்கு நிப்பான்."

"யார் மேடம் போய்ப் பாக்கப் போறாங்க?"

"உங்களுக்குத் தெரியாது. நம்ம புஸ்தகம் வாசிக்கறதே முந்நூறு பேர். அதுல எரநூறு பேர் தப்பு கண்டுபிடிக்கத்தான் வாசிக்கறா."

இரண்டு வழிகள் சொன்னார். தெருவைத் திருப்பி வைத்தால் நாவல் செத்துவிடும். பெயரை மாற்றலாம் என்றால், நாவலின் முதல் சொல்லே அந்தப் பெயர்தான். வேறு பெயர்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் பஸ் நிறுத்தத்தின் பெயர்கள் போல இருந்தன. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அதை வைதேகி சொல்லவில்லை. அவர் மேல் எந்தப் பழியும் வர வேண்டாம்.

அந்த மாதம்தான் கணக்கெடுப்பு வருகிறது என்ற செய்தி வந்தது. கரையைக் காலி செய்கிறார்கள், பட்டியலில் இருக்கும் வீடுகளுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம். சங்கத்தின் சார்பில் ஒரு வரைபடம் கேட்டிருந்தார்கள். வடிவேலு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் ரெண்டு வருசமா நோட்டும் கையுமா சுத்திக்கினு கீற. எங்கேர்ந்து எங்க எத்தினி அடின்னு உனுக்குத்தான் தெரியும். வரைஞ்சு குடு நைனா."

"எனக்குப் படம் வராது மாமா."

"எனுக்கு மட்டும் வருதா? நான் போட்டா மாடு மேஞ்ச மாதிரி கீது."

மூன்று நாள் அவகாசம் இருந்தது. புதிதாக ஒன்று வரைந்திருக்கலாம். நாவலுக்கு வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். வடிவேலு கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"என் வூடு எங்க கீது?"

காட்டினேன்.

"கரீட்டா கீது. சைன் எங்க போடணும், அத்த மட்டும் சொல்லு."

வரைபடத்தில் எல்லோரும் தேடுவது தன் வீட்டைத்தான். அது இருந்துவிட்டால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். மூன்று தெருக்காரர்களும் வந்து பார்த்தார்கள். நான்காம் தெருக்காரர்கள் வேலையில் இருந்தார்கள். அவர்களிடம் நானே போய்ச் சொல்வதாகச் சொன்னேன். போகவும் செய்தேன்.

இதைக் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ள உங்களுக்கு ஆசை இருக்கும். வழக்குக்கு அது வசதி. ஆனால் அப்படி இல்லை.

கணக்கெடுப்புக்கு முந்தைய நாள் ஹபீபுர் ரஹ்மான் பாய் ஒரு சீட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு எங்க வந்து நிக்கணும் ரைட்டரே?"

"எங்கயும் வர வேணாம் பாய். வீட்டுக்குள்ளயே இருங்க. எல்லாரையும் அப்படியே இருக்கச் சொல்லுங்க. ஆள் இல்லாத வீட்டுக்கு நம்பர் போட மாட்டாங்க."

"ஒண்ணுக்குப் போவக்கூட எந்திரிக்க மாட்டேன், போதுமா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஹமீதுன்னிசாவின் குரல் வந்தது. "மொதல்ல அந்த மெஷினை ஓரமாத் தள்ளு. வர்றவங்க எங்க ஒக்காருவாங்க, உன் தலை மேலயா? சிம்ரா, பக்கத்து வூட்டுல ஆறு கிளாஸ் வாங்கி வெய்யி."

ஹமீதுன்னிசாவுக்கு அப்போது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனை நடந்து போகிற தூரம். செங்குன்றத்தில் இருந்த தம்பி வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டும் அவர் போகாததற்கு அதுதான் காரணம். எனக்கும் டீ கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

மறுநாள் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் பெயின்ட் டப்பாவோடு வந்தார்கள். வடிவேலு முன்னால் நடந்தார், நான் வரைபடத்தோடு நடந்தேன். மூன்றாம் தெருவின் கடைசிக் கதவில் எண் போட்டு முடித்தபோது வடிவேலுவை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். எதிரே ரெக்சின் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கேட்டார்.

"இதுக்குப் பின்னாடி?"

"ஆறு," என்றேன்.

அவர் வரைபடத்தைப் பார்த்தார். அதிலும் ஆறு இருந்தது. எழுதிக்கொண்டார். வழக்கமாக அந்த நேரத்தில் உள்ளே ஏழெட்டுத் தையல் மெஷின்கள் ஓடும், பேசுவதே கேட்காது. அன்று ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டியல் ஒட்டப்பட்ட அன்று சிம்ரா வந்தாள். பாயின் மகள், தி. நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். "எங்க தெருவுல ஒருத்தர் பேரும் இல்லையே?" என்றாள்.

"ரெண்டாவது பட்டியல் ஒண்ணு வரும்," என்றேன். "அதுக்குள்ள மனு கினு போட்டா குழப்பமாயிடும்."

நம்பும்படியான வாக்கியம் அது. ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள் கொடுத்திருந்தார்கள். பதினைந்து நாளும் போயின. வடிவேலுவும் என்னைக் கேட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னேன்.

இடிக்கும்போது நான்காம் தெருவைத்தான் முதலில் இடித்தார்கள். பட்டியலில் இல்லாததால் யாருக்கும் மாற்று வீட்டுச் சாவி தர வேண்டியிருக்கவில்லை, வேலை சுலபமாக முடிந்தது. மற்ற மூன்று தெருக்காரர்களும் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்க, பாய் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "ரெண்டாவது லிஸ்ட் எப்பபா?" என்றார். விசாரிக்கிறேன் என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் போய் நடந்து பார்த்தேன். குழாய் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் வரை இருநூற்றுப் பன்னிரண்டு அடி. நடுவில் எதுவும் இல்லை. நாவலில் இருப்பதுபோலவே இருந்தது. வைதேகியிடம் பேரும் நிஜம், இடமும் நிஜம் என்றேன். புத்தகம் அச்சுக்குப் போனது.

ஹமீதுன்னிசா தம்பி வீட்டுக்குப் போய், செங்குன்றத்திலிருந்து மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். மூன்றாம் மாதம் பஸ்ஸில் உட்கார முடியவில்லை என்று நிறுத்திக்கொண்டார். ரமலானுக்கு முன் இறந்துபோனார். நான் போயிருந்தேன். குறிப்பேட்டை எடுத்துப் போகவில்லை. அது மரியாதை என்று நினைத்தேன்.

சிம்ரா போன மாதம் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். கையில் புத்தகம். முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"எங்க தெரு எங்க?"

"இது கதை, சிம்ரா."

"கதையாவே இருக்கட்டும். எங்க தெரு எங்கன்னு கேட்டேன்."

நான் ஏதோ சொன்னேன். நாவலில் வெளி எப்படி உருவாகிறது என்பது பற்றி. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எங்கம்மா கையால டீ வாங்கிக் குடிச்சியே, எங்க நின்னு குடிச்ச? ஆத்துல நின்னா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "லாயர் மேடம் கூப்பிடுவாங்க. போயி எழுதிக் குடு. தெரு இருந்துச்சு, அவ்ளோதான். அழகா எல்லாம் எழுத வேணாம்."

ஆக, ஒப்புக்கொள்கிறேன். நான்காம் தெரு இருந்தது. அது இருப்பது தெரிந்தே விட்டேன். அதிலிருந்தவர்களை வீட்டுக்குள் உட்காரவைத்தவன் நான். அதை ஆறு என்று சொன்னவன் நான். மனு போடாமல் தடுத்தவனும் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். தெரு நன்றாகத்தான் இருந்தது. என் கதைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். சமர்ப்பிக்கும் முன் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஆனைக்காரன் தோட்டம் என்று இதில் வருவது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை நாவல் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தப் பெயருள்ள இடத்தில் மூன்று தெருக்கள்தான். நான்கு தெரு உள்ள இடத்துக்கு வேறு பெயர் வைப்பதுதான் முறை, வைதேகி சொன்னது சரி. வீடுகள் பதினேழு அல்ல. ஆனால் அந்த எண்தான் வாக்கியத்தில் நன்றாக உட்கார்ந்தது. பாய் குடும்பத்தின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், அவர்கள் நன்மைக்காக. உங்கள் பெயரும் மணிமொழி அல்லதான், இருந்தாலும் பொருத்தமாக இருந்தது. மற்றபடி எல்லாம் உண்மை. நீதிபதி நல்ல வாசகராக இருந்தால் புரிந்துகொள்வார்.

சிம்ராவிடம் சொல்லுங்கள், அவள் கேட்டது ஒரு வரி, நான் தெரு முழுவதையும் கொடுத்திருக்கிறேன். இனி அதை யாரும் இடிக்க முடியாது.