தோற்றவள் தூக்கும் சாக்கு

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“நாம கட்டம் போட்ட பலகையில ஆடுற தாம் ஆட்டத்த கம்ப்யூட்டரு முழுசா கண்டுபுடிச்சிருச்சாம்க்கா. ரெண்டு பேரும் தப்பில்லாம காய் நகத்துனா யாருமே ஜெயிக்க முடியாதாம்.”

“அப்ப பகல் சாப்பாட்டு நேரத்துல தெனமும் நான் ஒன்கிட்ட தோக்குறேனே?”

“நீங்க தப்பா நகத்துறீங்க.”

“தோத்தவதான் தூக்கணும்னு, கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் ஒன் சாக்கையும் சேத்துல்ல சொமக்குறேன். நீ தப்பே பண்ணலையா?”

“நானுந்தான் பண்றேன். நீங்க பாக்குறதில்ல.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நாளைக்கும் பலகையக் கொண்டா. இனிமே ஒன் கையத்தான் பாப்பேன்.”