பச்சைப் பொத்தானின் மேல் எனக்குள்ள சந்தேகம்

எந்தப் பொத்தான் எந்த நிறத்தில் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று எங்கள் எல்லோருக்காகவும் முடிவு செய்யும் அவைத்தலைவி அவர்களே, அவர் முடிவு செய்ததை மாற்ற அஞ்சி அமர்ந்திருக்கும் வடிவமைப்பாளர்களே, வரைந்த கோட்டுக்கு உயிர் கொடுக்கும் நிரலாளர்களே, அனுபவத்தில் நரைத்த பெரியோர்களே, பிள்ளைகள் அப்படி என்னதான் வேலை பார்க்கிறார்கள் என்று பார்க்க வந்து, இன்னும் பிடிபடாமல் முழிக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

நான் செயலிகளில் பிழை தேடும் பரிசோதகன். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். நம் நிறுவனத்தின் டிசைன் சிஸ்டம் புதிய பதிப்பாக இன்று வெளியாகிறது. அதை வாழ்த்திப் பேசிவிட்டு, இதோ இந்தத் திரையில் மின்னும் பொத்தானை அழுத்தி வெளியிடச் சொல்லி என்னை அழைத்தார்கள். நாள் முழுக்கக் குறை சொல்கிறவனைக் கூப்பிட்டுப் பூங்கொத்துக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பிரித்துத்தான் பார்ப்பான். பார்த்தேன். பூதான் இருந்தது.

டிசைன் சிஸ்டம் என்றால் என்னவென்று முன்வரிசை அம்மா கேட்கிறார். சொல்கிறேன் அம்மா. பொத்தான், எழுத்து, நிறம், கட்டம் என்று செயலிக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே முறை யோசித்துச் செய்து ஒரே தொகுப்பாக ஓரிடத்தில் வைத்துவிடுவார்கள். வேண்டியவர் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். அது வருமுன் எங்கள் பாடு என்ன? ஒரே செயலிக்குள் ஏழெட்டு நீலம். ஒரு பக்கத்தில் வலப்புறம் இருந்த பொத்தான் அடுத்த பக்கத்தில் இடப்புறம் ஓடி ஒளியும். அந்த அலங்கோலத்தை அடக்கியது இது. வேலையைக் குறைத்தது, வேகத்தைக் கூட்டியது, பழகிய கைக்குப் பாதை போட்டது. இதை நான் மனமாரச் சொல்கிறேன்.

கை தட்டுகிறீர்கள். இத்தனை சீக்கிரம் தட்டினால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

பழகிய கை என்றேன் அல்லவா? அப்படி ஒரு கையின் கதையைக் கேளுங்கள். என் அக்காவின் கை அது. அத்தானுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் தவறாமல் டயாலிசிஸ். எந்த நாள், எந்த நேரம் என்று அதற்கான முறையை மருத்துவமனையின் செயலியில்தான் பதிய வேண்டும். அந்தச் செயலி நாம் செய்தது. நாளைத் தேர்ந்தெடுத்தால் பச்சைப் பொத்தான், படுக்கையைத் தேர்ந்தெடுத்தால் பச்சைப் பொத்தான், பதிவு முடிந்தால் பச்சைப் பொத்தான். எப்போதும் வலப்புறம், எப்போதும் அதே அளவு. அக்காவின் விரல் அதை மனப்பாடம் செய்துகொண்டது.

ஒரு நாள், காலையில் இருந்த முறையை மாலைக்கு மாற்ற முயன்றாள். 'பழைய முறையைக் கைவிடுகிறீர்கள், புதியது கிடைக்கும் என்பது உறுதியில்லை' என்று பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு. அதற்குக் கீழே என்ன? அதே பச்சை, அதே வலப்புறம், அதே அளவு. அழுத்தினாள். பழைய முறை போயிற்று. மாலையில் இடமில்லை, மறுநாளும் இல்லை. கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு முட்டி, அத்தானை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டார். அந்த வராந்தாவில் அக்கா என்னைக் கேட்டாள்:

"எல்லாப் பக்கத்துலயும் இதைத்தானேடா அழுத்தினேன்? இங்க மட்டும் அது ஏன் எனக்கு எதிரா வேலை செஞ்சுது?"

பதில் தேடிப் போனேன். அந்தப் பக்கத்தை வரைந்த பெண்ணைக் கேட்டேன். அவளுக்கும் உறுத்தியதாம். கைவிடுவதற்கென்று வேறு பொத்தான் தொகுப்பில் இல்லை, புதிதாகக் கேட்டால் குழு கூட வேண்டும், அதற்குள் கெடு முடிந்துவிடும் என்றாள். தொகுப்புக் குழுவைக் கேட்டேன். "எங்க பட்டன்ல ஒரு தப்பும் இல்ல, வெச்ச இடம்தான் தப்பு" என்றார்கள். நிரலாளரைக் கேட்டேன். வரைந்ததை அப்படியே கட்டினேன் என்றார். எல்லோரும் யோக்கியர்கள். எல்லோரும் விதிப்படி நடந்தவர்கள். அப்படியானால் என் அத்தான் மூச்சை அடைத்தது யார்?

எங்கே ஒருவர் மேலும் தப்பில்லையோ, அங்கேதான் நான் இன்னொரு முறை பார்ப்பேன். ஒழுங்கு என்கிறீர்கள், யாருடைய வசதிக்கு ஒழுங்கு? ஒருமைப்பாடு என்கிறீர்கள், சேர்ப்பதற்கும் அழிப்பதற்கும் ஒரே முகம் வைப்பதா ஒருமைப்பாடு? 'தொகுப்பில் இல்லை' என்ற சொல்லை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? தொகுப்பில் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடுமா? ஒவ்வொரு திரையிலும் ஒரே பொத்தானைக் காட்டிக் காட்டி மனிதரின் விரலுக்கு நம்பிக்கையை ஊட்டியவர்கள் நாம். யோசிக்காமல் அழுத்து என்று பழக்கியவர்கள் நாம். பழக்கிவிட்டு, படிக்காமல் அழுத்தினாயே என்று பழிப்பது என்ன நியாயம்? எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

இன்று வெளியாகும் பதிப்பைப் பிரித்துப் பார்த்தேன். நிழல் புதிது, எழுத்து புதிது, ஓரத்தின் வளைவு புதிது. கைவிடுவதற்குத் தனிப் பொத்தான்? இல்லை. இப்போதும் பச்சைதான். நான் அழுத்தினால் அது மருத்துவமனைச் செயலிக்கும் போகும்.

அவைத்தலைவி சிரித்தபடி ஏதோ சொல்கிறார். உங்களுக்குக் கேட்கவில்லை, நான் சொல்கிறேன்: "அடுத்த பதிப்புல மாத்திடலாம், இப்ப அழுத்திடுங்க."

அம்மையீர், முறை தவறினால் அடுத்த பதிப்பு வரை என் அத்தானால் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க முடியாது. முதலில் மாற்றுங்கள், பிறகு கூப்பிடுங்கள். நானே வந்து அழுத்துகிறேன், அன்று நீங்கள் சொல்லாமலே வாழ்த்துகிறேன்.

இவ்வளவு நேரம் ஒரு சந்தேகப் பேர்வழியைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. இடையில் எழுந்து போகாத தாய்மார்களுக்குத் தனி நன்றி. பொத்தானைத் தொடாமலே விடைபெறுகிறேன். வணக்கம்.