நொரீன் கீலியின் பேட்டரி

பேட்டரி செத்துவிட்டது என்று வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்குப் பேட்டரி சாகவே இல்லை. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும், அவ்வளவுதான். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் நாலு தேய்ப்புத் தேய்த்து இறுக்கிவிட்டால் வண்டி கிளம்பிவிடும். டன்பார் வெல்ஸில் இருபத்தாறு வருடமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். இதைச் சொல்லிக்கொடுத்து எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த லெஸ் ஹாலம் ஏமாற்றுக்காரன் என்று இந்த ஊரில் ஒருவர் சொல்லமாட்டார், சார்ஜென்ட். விசாரித்துப் பாருங்கள்.

உட்காரச் சொன்னீர்கள். மன்னிக்கவும், நின்றுகொண்டே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து கால் ஓரிடத்தில் தரிக்கமாட்டேன் என்கிறது. ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தால் கொஞ்சம் தேவலை.

நொரீன் கீலியைப் பற்றித்தானே கேட்டீர்கள். வடக்கே எழுபது கிலோமீட்டரில் அவளுடைய ஆட்டுப் பண்ணை. புருஷன் டங்கன் மூன்று வருடத்துக்கு முன்னால், ரோமம் கத்தரிக்கிற சீசனில், மாரடைப்பில் போய்விட்டான். அத்தனை பெரிய நிலத்தையும் அவன் விட்டுப்போன பழைய டீசல் பிக்கப்பையும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக நின்றாள். அந்த வருடம் ஒருநாள் வண்டியின் உள்விளக்கை அணைக்க மறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். போனேன். என் வண்டிப் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்பை இஞ்சின் உடம்பில், இரண்டே நிமிட வேலை. பிறகு டீ போட்டாள், பழக் கேக் வெட்டினாள்.

"டங்கன் போனப்புறம் இந்தச் சமையலறையில என் குரலத் தவிர வேற குரல் கேக்கறது இன்னிக்குத்தான்" என்று சிரித்தாள். "வாயத் திறந்து ரெண்டு வார்த்தை பேசேன்யா. ஒர்க்ஷாப்ல நட்டு போல்ட்டோட மட்டுந்தான் பேசுவியோ?"

இரண்டு மணி நேரம் பேசினோம். திரும்பி வந்த பிறகு எனக்கு எந்த வேலையிலும் கை படியவில்லை. அவளுடைய பேட்டரி மறுபடி எப்போது சாகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாகாது என்றும் தெரியும். நல்ல பேட்டரி, நானே போட்டது.

அடுத்த சர்வீஸுக்கு வண்டி வந்தபோது இருக்கைக்கு அடியில், கம்பளத்தின் கீழே, ஒரு சின்ன பல்பை வைத்தேன். சாவியை எடுத்தாலும் அணையாத மாதிரி ஒயர் கொடுத்தேன். எதையும் உடைக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. வண்டி கொட்டகையில் சும்மா நின்றால் ஒன்பது நாளில் பேட்டரியைக் குடித்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒன்பதாம் நாள் கூப்பிட்டாள்.

"நான்தான் எதையோ அணைக்காம விட்டுட்டேன் போல, லெஸ். புத்தி மழுங்கிக்கிட்டு வருது" என்றாள்.

தனியாக இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று ஆறுதல் சொன்னேன். அதன்பிறகு நாலைந்து தரம் அதே மாதிரி நடந்தது. ஒவ்வொரு தரமும் அவளுக்கு அவள் மேலேயே நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது. அடுப்பை அணைத்தோமா, கதவைச் சாத்தினோமா என்று வீட்டைச் சுற்றி வந்து பார்ப்பாளாம். நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்றேன். அது பொய்யில்லை.

நடுவில் ஒரு மாதம் கூப்பிடவே இல்லை. போய்ப் பார்த்தால் வண்டியை மேட்டில் நிறுத்தி வைத்திருக்கிறாள். உருட்டிவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டுக் கிளப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். டங்கன் சொல்லிக்கொடுத்த வித்தையாம். "பாத்தியா, உன்ன அலைய விடாம நானே சமாளிச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கு வலித்தது. முகத்தில் காட்டவில்லை.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது என்பதால் ஒன்று சொல்கிறேன். இங்கே யார் தனியாகத் தொலைவுக்குப் போனாலும் ஓர் ஆளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இன்ன இடம், இத்தனை மணிக்குள் திரும்புவேன், இவர்தான் எனக்கு ஆள். நேரம் தப்பினால் தேடிப் போவது அந்த ஆளின் பொறுப்பு. வந்து சேர்ந்தாயிற்று என்று அந்த ஆள் சொல்லிவிட்டால் ஊரில் வேறு யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். கெட்டுப்போன வண்டியை விட்டு நகரக்கூடாது என்பதும் இங்கே குழந்தைக்கும் தெரியும். நடந்து போனவர்களைத்தான் பிணமாகக் கண்டெடுப்போம். நொரீனுக்கு மூன்று வருடமாக நான்தான் ஆள்.

டிசம்பரில், கோடை ஆரம்பத்தில், ஒர்க்ஷாப் வாசலில் வந்து நின்றாள். "பண்ணைய வித்துட்டேன், லெஸ். என்னால முடியல. ஜூன் வீட்டுக்குப் பக்கத்துலயே, அடிலெய்ட்ல, சின்ன வீடா பாத்திருக்கேன். என் புத்தி போற போக்குக்கு இனிமே தனியா இருக்கறது சரியில்ல." ஜூன் அவளுடைய அக்கா. "நீயும் ஒருநாள் வா. கடலப் பாத்துட்டுப் போலாம்."

ஒருநாள். மூன்று வருடத்துக்கு ஒருநாள். அவள் போன பிறகு கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் அரைமணி நேரம் தேடினேன். கையிலேயே இருந்தது.

போன திங்கட்கிழமை கடைசி சர்வீஸுக்கு வண்டி வந்தது. வாங்குகிறவர் வெள்ளிக்கிழமை வருகிறார், அதற்குள் பண்ணை வேலியின் எல்லைக் கதவைச் சரிபண்ண வேண்டும் என்றாள். அது வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். வறண்ட ஏரிப் படுகை. தட்டு மாதிரி சமதரை, உருட்ட மேடு கிடையாது. அவளுடைய பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு செல் செத்துப்போன பழசு ஒன்றைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன். பல்பை எடுத்துவிட்டேன், இனி அது தேவையில்லை. இன்றைக்கு மட்டும் வீட்டில் சார்ஜரில் போடு என்றேன். அந்தத் தெம்பில் காலையில் ஒருமுறை கிளம்பும். சூடான இஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி திருப்பினால் கிளம்பாது. பின்தட்டைக் கழுவுவதற்காக இருபது லிட்டர் தண்ணீர் கேனை இறக்கி வைத்தேன். திருப்பி ஏற்ற மறந்துவிட்டேன். இதை மறதி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு வண்டியிலிருக்கும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள். "எல்லைக் கதவுக்குப் போறேன். நாலு மணிக்குள்ள வந்துருவேன். நீதான் எனக்கு ஆளு." சரி என்றேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு முதல் அழைப்பு. "லெஸ், உன் புதுப் பேட்டரி என் மானத்த வாங்குது. வா மகராசா, வந்து மூஞ்சியக் காட்டு." சிரிப்பு இருந்தது குரலில். அவ்வளவு தொலைவிலிருந்து பேசினால் என் கூரை மேலிருக்கும் ஆன்டெனாக் கம்பம் மட்டும்தான் பிடிக்கும். மைக் என் கையில்தான் இருந்தது. பதில் சொன்னால் உடனே கிளம்ப வேண்டும். பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டில் இருப்பாள், வெள்ளிக்கிழமை அடிலெய்டில் இருப்பாள். ஒரு மணி நேரம் போகட்டும் என்று மைக்கை வைத்தேன்.

ஒன்றேகாலுக்கு: "லெஸ், இருக்கியா? தண்ணிக் கேனக் காணோம். பாட்டில்ல பாதிதான் இருக்கு."

ஒர்க்ஷாப்பைப் பெருக்கினேன். ஸ்பேனர்களை அளவுப்படி அடுக்கினேன், கலைத்து மறுபடி அடுக்கினேன். வாசலுக்குப் போவேன், வெயிலைப் பார்ப்பேன், உள்ளே வருவேன். இரண்டு மணிக்கு மறுபடி வந்தாள்.

"வண்டிய விட்டு நகரமாட்டேன், பயப்படாத. அடியில நிழல்ல படுத்துக்கறேன். நீ எங்கயோ வெளிய போயிருக்கே போல. எப்படியும் நீ வந்துருவேன்னு எனக்குத் தெரியும்."

மூன்று மணிக்குக் குரல் மெலிந்துவிட்டது. பேட்டரி இறங்க இறங்க அப்படித்தான் ஆகும். என் பெயர் மட்டும் புரிந்தது. பிறகு பட்டனை அமுக்குகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றோடு நின்றுவிட்டது.

ஐந்தரைக்கு எதிர்ச் சாரியில் மதுக்கடை வைத்திருக்கும் பெவ் வந்தாள். "டேய் லெஸ், நொரீன் வந்து சேந்துட்டாளா? நாப்பத்தாறு டிகிரிடா, தார் உருகுது."

"சேந்துட்டா. இப்பத்தான் பேசினா."

"அப்பாடா. நாளன்னிக்கு அவளுக்கு விருந்து வைக்கப்போறேன். கறி சுடற வேலை உன்னோடது. போன தடவ மாதிரி கரியாக்கிடாத."

உண்மையைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு வண்டி கிளம்பியிருக்கும். வேறு எவனோ அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பான். அது எனக்குச் சரியாகப் படவில்லை. தனக்கு ஆள் என்று அவள் சொன்னது என்னைத்தான்.

புதன் காலையில் சவரம் செய்தேன். இஸ்திரி போட்ட சட்டை. ஐஸ் பெட்டியில் எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த ஆட்டுக்கறி வைத்த ரொட்டி, நல்ல புதுப் பேட்டரி. ஏழு மணிக்கே எல்லாம் தயார். ஆனால் வழியில் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் போனால் திட்டுவார்கள். தாமதமாகப் போனால் கட்டிப்பிடித்து அழுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் வேண்டியிருந்தது. வண்டியில் ஏறினேன், இறங்கினேன். பத்து மணிக்கு ஏறி மறுபடி இறங்கினேன். எல்லைக் கதவுக்குப் போய்ச் சேரும்போது மாலை நாலேகால்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். கதவுப் புழுதியில் விரலால், 'லெஸ் வருகிறான்' என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம் பேட்டரியை மாற்றினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. அதன்பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

பழைய பேட்டரியை வைத்தவன் நான். குரல் கேட்டும் பேசாதவன் நான். பெவ்விடம் பொய் சொன்னவன் நான். கேனை மறதி என்று சொன்னேன், அதையும் அடித்துவிடுங்கள். மறக்கவில்லை. பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதுங்கள். பதினெட்டு கிலோமீட்டரில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும், வெயில் தாழ்ந்த பிறகு நடந்து போயிருக்கலாம். போகவில்லை. மறுநாள் நண்பகல் வரைக்கும் உயிரோடு இருந்ததாக டாக்டர் சொல்கிறார். அடிலெய்டுக்குப் போகிறேன் என்று வாயால் ஆயிரம் சொன்னாள், சார்ஜென்ட். என்னை விட்டுப் போக நினைக்கிறவள் எனக்காக அப்படிக் காத்திருப்பாளா?