எனக்கு மூடி தேவையில்லை

காபிக் கோப்பைக்கு நான் மூடி போடுவதில்லை. இருபது வருடத்தில் ஒரு சொட்டுகூட விசைப்பலகையில் சிந்தியதில்லை, ஐயா. கவனம் உள்ளவனுக்கு மூடி எதற்கு?

நோயாளிக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்றும் கருவிகளை எங்கள் நிறுவனம் செய்கிறது. அதற்கான கணினி நிரலை எழுதுவது நான். சென்ற ஆண்டு 'சந்தேகம்' வேலைக்கு வந்தாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டதால் ஆபீஸ் வைத்த பெயர் அது. வந்த மாதமே, புதிய நிரல்மொழிக்கு மாறலாம் என்று ஆரம்பித்துவிட்டாள். மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பினால் அந்த மொழி நிரலை ஓடவே விடாதாம்.

"சார், மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான். மொழியே பிடிச்சு நிறுத்திட்டா நல்லதுதானே?"

"தப்பு பண்றவங்களுக்கு நல்லதுதாம்மா."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. பழைய மொழியே நீடித்தது. நடைவண்டி பிடித்து நடக்க எனக்கென்ன ஒன்றரை வயதா?

ஒரு திங்கட்கிழமை, என் புதிய நிரலோடு நாற்பது கருவிகள் பெரிய மருத்துவமனைக்குப் போயின. செவ்வாய் மதியம், சாப்பிட்ட கையோடு நிரலைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் மில்லிகிராம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் வலி மருந்துக்கு மட்டும், ஆயிரம் மடங்கு. மற்ற மருந்துகளெல்லாம் சரியாகவே இருந்தன.

ஒரு போன் போட்டிருந்தால் கருவிகளை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் எதிர் மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சார், ஏதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லம்மா."

நீங்களே யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் மறுநாளே மொழியை மாற்றியிருப்பார்கள். என் இருபது வருடம் ஒரே வரியில் போயிருக்கும். நிரலின் அடுத்த வெளியீட்டில் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது போய்ச் சேரப் பத்து நாள் ஆனது. அதற்குள் மூன்று பேர் இறந்துவிட்டார்கள் என்கிறீர்கள். இருக்கலாம்.

வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் என்னைக் கவனமில்லாதவன் என்று மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அந்த வியாழக்கிழமை என் அக்காவுக்கு அதே மருத்துவமனையில்தான் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடப்பதாக இருந்தது. செவ்வாய் மாலையே போய், அவளை வேறு மருத்துவமனைக்கு மாற்றினேன்.

"ஏன்டா, இங்க நல்லாத்தானே பாத்துக்கறாங்க? பக்கத்துக் கட்டில் அம்மாகூட இப்பதான் பழக்கமாச்சு," என்றாள்.

அந்த அம்மா வாசல்வரை பையைத் தூக்கி வந்து கொடுத்தார்கள். அவர்களுக்கும் வியாழக்கிழமைதான்.

அக்கா இப்போது நலமாக இருக்கிறாள். பார்த்தீர்களா, எந்த மொழியும் எனக்கு எச்சரிக்கை கொடுக்கவில்லை. நானே பார்த்துக்கொண்டேன்.